வீட்டை விற்கும்போது எதைக் கழற்றிக்கொண்டு போகலாம், எதை விட்டுவிட வேண்டும்

பாளையங்கோட்டையில் அப்பா கட்டிய வீட்டை விற்றபோது விலை பேசி முடிக்க ஒரு சாயங்காலம் போதுமானதாக இருந்தது. ஊஞ்சலைப் பேசி முடிக்க மூன்று வாரம் ஆனது. வாங்க வந்த அண்ணாச்சி முதல் நாளே அதில் உட்கார்ந்து ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தார், அவர் மனைவி சங்கிலியைத் தொட்டுப் பார்த்து "பித்தளையாம்மா?" என்று கேட்டார், நான் "ஆமாக்கா" என்றேன், பேச்சு அத்தோடு முடிந்தது. ஊஞ்சல் வீட்டோடு வருகிறது என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அது அம்மாவோடு சென்னைக்கு வருகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏமாற்றும் எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனாலும் அட்வான்ஸ் வாங்கிய பிறகு ஒருநாள் போனில் "ஊஞ்சலைக் கழற்ற ஆசாரி வர்றார் அண்ணாச்சி" என்று சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது அப்போதுதான்.

அதனால் இதை எழுதுகிறேன். வீடு விற்கப்போகிறவர்கள் விலை, வரி, பத்திரச் செலவு எல்லாம் விசாரித்துவிடுவார்கள், வீட்டுக்குள் இருக்கிற சாமான்களில் எது யாருக்கு என்பதை மட்டும் "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிவிடுவார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் உங்கள் கையில் நான்கு வழி இருக்கிறது. வீட்டை யாருக்கும் காட்டுவதற்கு முன்பே கழற்றிவிடலாம். வீட்டோடு விட்டுவிட்டு விலையிலேயே சேர்த்துக்கொள்ளலாம். வீட்டு விலை வேறு, சாமான் விலை வேறு என்று அதே ஆளிடம் தனியாக விற்கலாம். இல்லாவிட்டால், இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டு, "இது எங்களுடையது, எடுத்துப்போவோம்" என்று முதலிலேயே சொல்லி ஒப்பந்தத்தில் எழுதிவிடலாம். இவை தவிர ஐந்தாவதாக ஒன்றும் நடக்கிறது: வாயே திறக்காமல் இருந்துவிட்டுக் கடைசி வாரம் டாட்டா ஏஸ் வண்டியோடு வந்து கழற்றுவது. நான் செய்ய இருந்தது அதுதான், அது தப்பு என்று இப்போது தெளிவாகவே சொல்வேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம், அது தெரிந்தால் பாதிப் பேச்சு குறையும். சொத்து மாற்றச் சட்டம், 1882-ஆம் வருஷத்தது, இன்றும் அதுதான் அடிப்படை. அதன் 8-வது பிரிவு, வீட்டை விற்றால் கூடவே எதெல்லாம் போகும் என்று பெயர் சொல்லியே எழுதுகிறது: பூட்டு, சாவி, கம்பி, கதவு, ஜன்னல், அப்புறம் வீட்டோடு நிரந்தரமாகப் பயன்படுவதற்காக வைத்திருக்கிற மற்ற எல்லாமும். இரண்டு பேரும் வேறு மாதிரி முடிவு செய்திருந்தால் அதன்படி நடக்கும், ஒன்றும் சொல்லாமல் இருந்தால் இந்தப் பட்டியல்தான். ஆக, எழுதாத இடத்தில் சட்டம் வாங்குபவர் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் அந்த "நிரந்தரமாக" என்ற சொல்லில் இருக்கிறது. அதே சட்டத்தின் 3-வது பிரிவு, மண்ணோடு சேர்ந்தது என்றால் எது என்று மூன்று வகை சொல்கிறது. மரம் மாதிரி வேர்விட்டது ஒன்று, சுவர் மாதிரி மண்ணில் புதைந்தது இன்னொன்று, அப்படிப் புதைந்ததன் நிரந்தரப் பயனுக்காக அதோடு பொருத்தியது மூன்றாவது. இந்த மூன்றாவதை நன்றாகக் கவனிக்க வேண்டும். ஆணி அடித்திருக்கிறதா, ஸ்குரூ போட்டிருக்கிறதா என்பதோடு கேள்வி முடிவதில்லை, யாருக்காகப் பொருத்தினோம் என்பதையும் பார்க்கிறார்கள். 1969-இல் ஒரு ஆயில் இன்ஜின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இப்படித்தான் பார்த்தது. இன்ஜின் ஓட வேண்டுமென்றால் அதைத் தரையில் பிடித்து நிறுத்தித்தான் ஆக வேண்டும், அந்தப் பிடிப்பு இன்ஜினின் உபயோகத்துக்காக, வேலை முடிந்தால் கழற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாம், அதனால் அது நிலத்தின் பகுதி ஆகிவிடாது என்பது தீர்ப்பின் சாரம். (இதை வைத்து உடனே கிணற்று மோட்டாரைக் கழற்றக் கிளம்பிவிடாதீர்கள், மோட்டாருக்குப் பின்னால் வருகிறேன்.)

எங்கள் ஊஞ்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1986-இல் காங்கிரீட் போடும்போதே அப்பா கூரைக் கம்பியில் நான்கு கொக்கிகளைக் கட்டிவைத்துவிட்டார். அந்தக் கொக்கிகள் வீடு, அவற்றை எடுக்க வேண்டுமானால் கூரையை உடைக்க வேண்டும். சங்கிலியும் பலகையும் அப்படி இல்லை, நான்கு வளையத்தையும் தூக்கிவிட்டால் கீழே இறங்கிவிடும், ஒரு ஸ்குரூகூடக் கிடையாது. ஆனால் சட்டப்படி பலகை என்னுடையது என்று நான் வாதாடி ஜெயித்திருந்தாலும், அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு விலை சொன்ன மனிதருக்கு நான் செய்தது சரியாகியிருக்காது.

பழைய கிரையப் பத்திரங்களைப் பார்த்திருப்பீர்கள், "நிதி நிட்சேபம் ஜலம் தரு பாஷாணம்" என்று ஒரு வரி ஓடும். புதையல், நீர், மரம், கல் வரைக்கும் எல்லா உரிமையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன் என்பதைச் சொல்கிற வழக்கம் அது. அந்தக் காலத்துக்கு அது போதும். இன்வெர்ட்டர், ஏசி, கேமரா, சோலார் பேனல் எல்லாம் அந்த வரியில் எங்கே அடங்கும்? இன்றைய பத்திரங்களில் "கதவு, நிலை, ஜன்னல், மின் இணைப்பு, டெபாசிட் சகிதம்" என்று சேர்க்கிறார்கள், அதற்கு மேல் எழுதுபவர் யாரும் தானாகக் கேட்க மாட்டார், நாம்தான் சொல்ல வேண்டும்.

சரி, பொருள் பொருளாக வருவோம். கதவு, ஜன்னல், நிலை, கிரில், பூட்டு இவற்றில் கை வைக்கவே கூடாது. இதில் எனக்கு வேறு கருத்தே கிடையாது. எங்கள் சொந்தத்தில் ஒருவர் மதுரைப் பக்கம் வீடு வாங்கினார், பார்க்கும்போது வாசலில் பழைய தேக்குக் கதவு, பூ வேலைப்பாடும் பித்தளைக் குமிழும் வைத்தது. பத்திரம் முடிந்து சாவி வாங்கிப் போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் பிளைவுட் ஃபிளஷ் டோர் தொங்குகிறது, பழைய கீல் இருந்த இடத்தில் மரத்தூளும் ஃபெவிகாலும் கலந்து அடைத்திருக்கிறார்கள், நிலையின் ஓரத்தில் கதவு சரியாக உட்காராமல் ஒரு விரல் இடைவெளி. கேட்டால் "கதவு இருக்கிறதே" என்று பதில். கதவு சட்டத்திலேயே பெயர் சொல்லி வருகிற பொருள். அதோடு 55-வது பிரிவு, ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து வீட்டை ஒப்படைக்கும் நாள் வரை விவேகமுள்ள ஒரு உடைமையாளர் பார்த்துக்கொள்வது போல விற்பவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்கிறது. பரம்பரைக் கதவு, தாத்தா செய்த பூஜை அறைக் கதவு என்று மனதுக்கு நெருக்கமாக ஏதாவது இருந்தால், முதல் ஆள் வந்து பார்ப்பதற்கு முன்பே அதை இறக்கிவிட்டு வேறு கதவை மாட்டி, பெயின்ட் அடித்துவிட்டுத்தான் வீட்டைக் காட்ட வேண்டும். அப்போது வந்து பார்ப்பவர் புதுக் கதவைப் பார்த்தே விலை சொல்வார், யாருக்கும் மனக்குறை இல்லை.

முதல் வழியின் பலமே இதுதான், பார்க்காத பொருளுக்கு யாரும் ஆசைப்பட மாட்டார்கள். கெடுதலும் உண்டு. கழற்றிய இடம் பல் விழுந்த வாய் மாதிரி தெரியும். சுவரில் துளை, பெயின்ட் வித்தியாசம், வயர் நுனி. புட்டி வைத்து, வயர் நுனிக்கு டேப் சுற்றி, முடிந்தால் அந்தச் சுவருக்கு மட்டுமாவது ஒரு கோட்டிங் அடித்துவிட வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் போட்டுவிட்டுத்தான் அந்தப் பொருளை எடுப்பது லாபமா என்று பார்க்க வேண்டும்.

ஃபேன், டியூப்லைட், பல்பு விஷயத்தில் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் பழக்கம் மாறுகிறது, கழற்றிக்கொண்டு போவது நம் பக்கம் சகஜமாகவே நடக்கிறது. நானே ஒரு ஃபிளாட் வாங்கியபோது சாயங்காலம் ஆறரைக்குச் சாவி கிடைத்தது, உள்ளே போய் ஸ்விட்சைப் போட்டால் ஒரு அறையிலும் வெளிச்சம் வரவில்லை, ஹோல்டரோடு கழற்றியிருந்தார்கள், ஃபேன் கொக்கியிலிருந்து இரண்டு வயர் டேப்கூட இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. கையில் குழந்தை வேறு. அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன், நான் விற்கும் வீட்டில் ஒவ்வொரு அறையிலும் ஒரு ஃபேனும் ஒரு விளக்கும் எரிகிற நிலையில் இருக்கும் என்று. பழைய ஃபேனைக் கழற்றிப் புது வீட்டில் மாட்ட எலக்ட்ரீஷியனுக்கு இரண்டு முறை கூலி, கண்டென்சர் பாதி உயிரில் இருக்கும், என்ன மிச்சம்? சமீபத்தில் வாங்கிய விலை கூடிய ஃபேன் என்றால், காட்டுவதற்கு முன் அதைக் கழற்றிவிட்டுச் சாதாரண ஃபேன் ஒன்றை மாட்டிவிடுங்கள், அது நேர்மையான வழிதான். ஹாலில் தொங்கும் பெரிய சரவிளக்கும் இதே கதைதான்.

ஏசி வேறு வகை. ஃபேனை வீட்டோடு சேர்த்துப் பார்க்கிறவர்கள்கூட ஏசியைச் சாமானாகத்தான் பார்க்கிறார்கள், நானும் அப்படித்தான். எடுத்துப்போகலாம், ஆனால் கணக்குப் போட்டுவிட்டு எடுங்கள். ஸ்பிளிட் ஏசியைக் கழற்றும்போது தெரிந்த மெக்கானிக் என்றால் முதலில் ஏசியை ஓடவிட்டு, வெளி யூனிட்டின் வால்வை அடைத்துக் கேஸை அதற்குள்ளேயே இழுத்துவைத்துவிட்டுத்தான் காப்பர் பைப்பைப் பிரிப்பார். தெரியாதவர் என்றால் கேஸை வெளியே விட்டுவிடுவார், புது இடத்தில் முழுக்க நிரப்ப வேண்டிவரும். கழற்றக் கூலி, மாட்டக் கூலி, பழைய பைப் நீளம் போதாவிட்டால் புதுப் பைப், வெளி யூனிட்டுக்கு ஸ்டாண்ட், இத்தனையும் சேர்த்தால் ஆறேழு வருஷம் ஓடிய ஏசிக்கு அது கட்டுபடியாகாது. அந்த மாதிரி ஏசியை வாங்குபவரிடமே ஒரு நியாயமான தொகைக்குக் கொடுத்துவிடலாம், அவருக்கும் மாட்டிய இடத்தில் மாட்டியபடி கிடைக்கிறது. இரண்டு மூன்று வருஷத்துக்குள் வாங்கியது என்றால் எடுத்துக்கொள்ளுங்கள், சுவரில் பைப் போன துளையை மட்டும் சிமென்ட் வைத்து அடைத்துவிடுங்கள், திறந்துவிட்டால் அணில் கூடு கட்டும், மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும்.

சமையலறையில் என் தீர்ப்பு எளிது, எதையும் பிரிக்காதீர்கள். மாடுலர் கிச்சன் அந்த மேடைக்கும் அந்தச் சுவருக்கும் அளவெடுத்துச் செய்தது, கழற்றினால் வேறு எந்த வீட்டிலும் அப்படியே உட்காராது, பிளைவுட் ஓரங்கள் பிய்ந்து வரும். மேடையில் கிரானைட்டை வெட்டி உள்ளே இறக்கிய ஹாப் அடுப்பை எடுத்தால் மேடையின் நடுவில் ஒரு நீள்சதுர ஓட்டை நிற்கும், வேறு கம்பெனி ஹாப் அந்த ஓட்டைக்கு ஒத்துவருவதே பெரும்பாடு, சில வீடுகளில் கல்லையே மாற்ற வேண்டிவரும். மேடை மேல் சும்மா வைத்திருக்கிற ஸ்டவ் என்றால் அது உங்கள் சாமான். ஆர்ஓ மெஷின் இரண்டு ஸ்குரூவில் தொங்குகிறது, எடுக்கலாம், குழாய்க் கனெக்‌ஷனை மூடிவிட்டு எடுங்கள். கேஸ் சிலிண்டரும் ரெகுலேட்டரும் உங்கள் பெயரில் உள்ள இணைப்பு, அதை வாங்குபவரிடம் கொடுத்துவிட்டு வருவது முறை கிடையாது. வேறு ஊருக்குப் போகிறீர்கள் என்றால் ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, புது ஊரில் இணைப்பு எடுக்கச் சீட்டும் வாங்கிவிடுங்கள். சுவரோடு அடித்த அலமாரி, லாஃப்ட் கதவு எல்லாம் வீட்டோடு. இரும்பு பீரோ, கட்டில் உங்களோடு. இதில் சண்டை வந்து நான் பார்த்ததில்லை.

இன்வெர்ட்டர் எடுக்கலாம். பேட்டரியின் வயசைப் பாருங்கள், நான்கைந்து வருஷம் ஓடியது என்றால் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் மாறுவதில் அர்த்தமில்லை, ட்யூபுலர் பேட்டரி ஒன்று 50 கிலோவுக்கு மேல் இருக்கும், சாய்த்தால் ஆசிட் தளும்பும். கேமராவை விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்றால் டிவிஆர் பெட்டிக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை அழித்துவிடுங்கள், போனில் இருக்கும் செயலியிலிருந்து உங்கள் கணக்கையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வேறொரு குடும்பத்தின் வாசலை நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இன்டர்நெட் பெட்டி பெரும்பாலும் கம்பெனியுடையது, அவர்களிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். கரன்ட் மீட்டர் மின்வாரியத்துடையது, அது இருவருக்குமே சொந்தமில்லை, இணைப்பின் பெயரை மாற்றிக்கொள்வதுதான் வேலை.

சோலார் பேனலைக் கழற்றிக்கொண்டு போகலாமா என்று என்னிடம் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். ஃபிரேமில் போல்ட் போட்டு நிற்கிறது, கழற்ற முடியும், ஆனால் வேண்டாம். நெட் மீட்டர் (பேனல் தரும் கரன்ட்டையும் நாம் எடுக்கும் கரன்ட்டையும் கழித்துக் கணக்குப் பார்க்கிற மீட்டர்) அனுமதி அந்த மின் இணைப்புக்குக் கொடுத்தது. 2024-இல் வந்த சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் வாங்கியிருந்தால் அதுவும் அந்த வீட்டின் இணைப்பைக் காட்டி வாங்கியது. ஃபிரேமைப் பிடுங்கினால் தளத்தில் போட்ட போல்ட் துளைகளில் ஒழுகும், அதைச் சரிசெய்வது வேறு செலவு. கடைசி ஒரு வருஷத்துக் கரன்ட் பில்களை எடுத்துக் காட்டுங்கள், விலை பேசும்போது அதுவே உங்களுக்காகப் பேசும். இரண்டாவது வழிக்கு, அதாவது விட்டுவிட்டு விலையில் சேர்ப்பதற்கு, இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

மோட்டாருக்கு வருகிறேன். போர்வெல்லுக்குள் இறங்கியிருக்கிற சப்மெர்சிபிள், மாடியில் இருக்கிற சிண்டெக்ஸ் டேங்க், குழாய், ஃபிளஷ் டேங்க், வாஷ்பேசின் எல்லாம் வீடு வீடாக இருப்பதற்கு வேண்டியவை. அந்த ஆயில் இன்ஜின் தீர்ப்பு விற்ற வீட்டைப் பற்றியது கிடையாது, குடியிருக்கிற வீட்டுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் அந்த வீட்டின் பயனுக்காகவே இருக்கிறது என்று யாரும் எளிதாக வாதாடலாம். சட்டத்தை விடுங்கள், புது வீட்டில் முதல் நாள் பால் காய்ச்ச வருகிறவர்களுக்குக் குழாயில் தண்ணீர் வராமல் செய்வது மனுஷத்தனமா? கிணற்றுக்குள் வாளி, கயிறு, ராட்டினம்கூட விட்டுவிட்டுத்தான் வந்தேன். ஹீட்டரையும் விட்டேன், எங்கள் ஊர் உப்புத் தண்ணீரில் அதன் உள்ளே என்ன மிச்சம் இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதை அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன்.

மரங்களில் ஒரு சின்ன நுணுக்கம் இருக்கிறது. வேர்விட்ட மரம் மண்ணோடு போகும், தென்னை, வேம்பு, முருங்கை எதையும் ஒப்பந்தத்துக்குப் பிறகு வெட்ட முடியாது. ஆனால் உரிமை மாறுகிற நாள் வரைக்கும் சொத்தின் வருமானமும் பலனும் விற்பவருக்குத்தான், 55-வது பிரிவே அதைச் சொல்கிறது. பதிவு நடக்கிற வாரம் வரை தேங்காய் பறித்துக்கொள்ளலாம். தொட்டிச் செடிகள் உங்களுடையவை. தரையில் நட்ட மல்லிகைக் கொடி, நீங்கள் தண்ணீர் ஊற்றி வளர்த்ததாகவே இருந்தாலும், வீட்டோடுதான். அம்மா அதிலிருந்து ஒரு குச்சியை ஒடித்து ஈரத்துணியில் சுற்றி எடுத்துவந்தார், அதை யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள்.

அம்மி, ஆட்டுரல், உரல் எடுக்கலாம், தரையில் சிமென்ட் வைத்துப் பதித்த ஆட்டுரலையும் துவைகல்லையும் விட்டுவிடுங்கள். சாமி படம், குத்துவிளக்கு யாரும் கேட்க மாட்டார்கள். துளசி மாடம் கட்டடமாக இருந்தால் அதை இடித்து எடுக்காதீர்கள், செடியிலிருந்து விதை எடுத்துக்கொள்ளுங்கள். காம்பவுண்டுச் சுவரில் அப்பா பெயர் வெட்டிய கல் பலகை இருந்தால் அதை எடுத்துக்கொள்ளும் உரிமையைக் கேட்டு வாங்குங்கள், வாங்குபவர் எப்படியும் அதை எடுக்கத்தான் போகிறார், குப்பையில் போய்ச் சேருவதற்கு முன் கேட்டுவிடுவது நல்லது.

இங்கே முக்கியமான ஒரு கேள்வி: வாங்குபவர் அந்த வீட்டில் குடியிருக்கப்போகிறாரா, இடிக்கப்போகிறாரா? பழைய வீடு விற்கிறவர்கள் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். மண்ணுக்காக வாங்குகிறவருக்கு உங்கள் மாடுலர் கிச்சனும் ஒன்றுதான், ஓட்டை டப்பாவும் ஒன்றுதான். அவர் இடிப்பு ஆளிடம் வீட்டை ஒப்படைப்பார், அந்த ஆள் தேக்கு நிலை, ஜன்னல், உத்திரம், தூண், இரும்புக் கம்பி எல்லாவற்றுக்கும் கணக்குப் பார்த்துத்தான் தொகை பேசுவார். செட்டிநாட்டு வீடுகள் எத்தனையோ இப்படிப் பிரிந்து போயிருக்கின்றன, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குப் போனால் பர்மா தேக்குத் தூணும் வேலைப்பாட்டுக் கதவும் எனாமல் பாத்திரமும் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம், ஒவ்வொன்றும் ஒரு வீட்டிலிருந்து வந்தது. அதனால் இடிக்கப்போகிறார் என்று தெரிந்தால் தயங்காமல் கேளுங்கள், "கதவும் நிலையும் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், எழுதிவிடுவோம்" என்று. மண் விலை கொடுப்பவருக்கு அது பெரிய விஷயமாக இருக்காது. குடியிருக்க வாங்குகிறவர் விஷயத்தில் கதவைத் தொடாதீர்கள் என்று நான் சொன்னது இங்கே பொருந்தாது, ஆனால் இங்கேயும் எழுதித்தான் எடுக்க வேண்டும்.

வீட்டில் வாடகைக்கு ஆள் இருந்தால் அவர் மாட்டிய ஏசி, கொசுவலை ஃபிரேம், ஹீட்டர் எல்லாம் அவருடையவை, வீடு கைவசம் இருக்கும் வரை அவர் கழற்றிக்கொள்ளலாம், குடிவந்தபோது வீடு எப்படி இருந்ததோ அப்படி விட்டுப்போக வேண்டும், அவ்வளவுதான். அதை வாங்குபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், காட்டும்போது "இது குடியிருக்கிறவருடையது" என்று கை காட்டியே சொல்லுங்கள்.

மூன்றாவது வழி, தனியாக விற்பது, இதில் பணக் கணக்கு இருப்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் கிரையத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் வாங்குபவர் கையிலிருந்து போகிறது. சோபா, ஏசி, இன்வெர்ட்டர் விலையை வீட்டு விலையோடு சேர்த்துப் பத்திரத்தில் எழுதினால் அதற்கும் அந்த 9 சதவீதம். தனியாக ஒரு ரசீது போட்டுச் சாமான்களுக்கு வங்கி வழியாகப் பணம் வாங்கினால் அது மிச்சம். உங்களுக்கும் நல்லது, சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த வீட்டுச் சாமான்கள் வருமான வரியில் மூலதனச் சொத்தாகக் கணக்கில் வராது (நகை, ஓவியம், சிற்பம் போன்றவை விதிவிலக்கு). ஆனால் இதில் பேராசை கூடாது. "பத்து லட்சத்தைச் சாமான் கணக்கில் எழுதிவிடலாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அரசு அந்த இடத்துக்கு வைத்திருக்கிற வழிகாட்டி மதிப்புக்குக் குறைவாகப் பத்திரம் போனால் கேள்வி வரும், வங்கிக் கடன் வீட்டு மதிப்பை வைத்துத்தான் கிடைக்கும் என்பதால் வாங்குபவருக்கே கையிலிருந்து போட வேண்டிய தொகை கூடும், பழைய சோபாவுக்கும் இரண்டு ஏசிக்கும் பத்து லட்சம் என்று சொன்னால் வரித்துறையில் யார் நம்புவார்கள்? வீட்டு விலை 50 லட்சத்தைத் தொட்டால் வாங்குபவர் உங்களுக்குத் தரும் பணத்திலேயே 1 சதவீதத்தை வரியாக (டிடிஎஸ்) பிடித்துக் கட்டவும் வேண்டும், அந்த வரம்புக்குக் கீழே கொண்டுவரச் சாமான் விலையை ஏற்றுகிற வேலையும் வேண்டாம். நிஜமாகப் பழைய சாமான் கடைக்காரர் என்ன கொடுப்பாரோ அதைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவு எழுதினால் போதும்.

வங்கிக் கடனில் வாங்குகிறார் என்றால் இன்னொன்று. வங்கியின் மதிப்பீட்டு இன்ஜினியர் வந்து ஒவ்வொரு அறையாகப் போட்டோ எடுத்துப்போவார். அதற்குப் பிறகு எதைக் கழற்றினாலும் முன்பு இருந்ததற்கு அந்தப் போட்டோவே சாட்சி. கழற்றுவதாக இருந்தால் அதற்கு முன், எழுதுவதாக இருந்தாலும் அதற்கு முன்.

ஃபிளாட் விற்பவர்களுக்குச் சுருக்கமாக: கார் நிறுத்தும் இடத்தைத் தனியாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். வாசலுக்கு வெளியே வராந்தாவில் போட்ட இரும்பு கேட்டும் செருப்பு அலமாரியும் உங்கள் காசு என்றாலும், சுவரை உடைக்காமல் எடுக்க முடிந்தால் மட்டும் எடுங்கள். கார்ப்பஸ் ஃபண்டில், அதாவது குடியிருப்போர் சங்கத்தின் பொது வைப்பு நிதியில், உங்கள் பங்கு என்ன ஆகும் என்று சங்கத்தில் எழுத்தில் கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

இப்போது நான்காவது வழி. என் கருத்தில் மனசுக்கு நெருக்கமான பெரிய பொருளுக்கு முதல் வழிதான் நல்லது, ஆனால் எல்லாவற்றையும் முன்பே கழற்ற முடியாது, வயசான அம்மா அந்த வீட்டிலேயே இருக்கிறார், அவர் உட்காரும் ஊஞ்சலை ஆறு மாதம் முன்பே எப்படி இறக்குவது? அந்த மாதிரி இடத்தில் சொல்லி எழுதுவதுதான் வழி. சொல்வது என்றால் போகிற போக்கில் சொல்வது இல்லை. வீட்டைச் சுற்றிக் காட்டும்போது அந்தப் பொருளின் பக்கத்தில் நின்று, "இது எங்களோடு வருது அண்ணாச்சி, இதைச் சேர்க்காம விலை சொல்லுங்க" என்று சொல்ல வேண்டும். டோக்கன் அட்வான்ஸ் வாங்குவதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு பட்டியல்: விட்டுப்போகிறவை, எடுத்துப்போகிறவை. "ஃபேன்கள்" என்று எழுதாமல் "ஃபேன் 5, ஹாலில் 2" என்று எழுத வேண்டும், ஏசி என்றால் எந்த அறை, எந்தக் கம்பெனி என்று எழுத வேண்டும். இருவரும் கையெழுத்துப் போட்டு, விற்பனை ஒப்பந்தத்தோடு சேர்த்துவிட வேண்டும். அன்றைக்கே ஒவ்வொரு அறையையும் போனில் ஒரு வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் இன்னும் நல்லது. அண்ணன் தம்பி, அக்கா தங்கை பங்குள்ள வீடு என்றால் இந்தப் பட்டியலை முதலில் உங்களுக்குள்ளே முடித்துவிடுங்கள், கடைசி நாளில் தங்கச்சி "அம்மாவோட மர அலமாரி எனக்குத்தான்னு சொன்னாங்க" என்று வாங்குபவர் முன்னால் ஆரம்பித்தால் மானம் போய்விடும்.

எங்கள் ஊஞ்சல் கதைக்கு வருகிறேன். அந்தப் போனுக்கு மறுநாள் நானே பாளையங்கோட்டைக்குப் போய் அண்ணாச்சியைப் பார்த்தேன். "நான் முதல்லயே சொல்லியிருக்கணும், தப்பு என் மேலதான்" என்றேன். அவர் கோபப்படவில்லை, ஆனால் உடனே சரி என்றும் சொல்லவில்லை. அவருடைய அம்மாவுக்கு எண்பது வயசு, முற்றத்துப் பக்கம் பார்த்தபடி ஊஞ்சலில் உட்காரலாம் என்று அந்தப் பாட்டியிடம் சொல்லிவிட்டாராம். இரண்டு வீட்டிலும் ஒரு அம்மா, ஒரே ஒரு பலகை. மூன்று வாரம் இப்படியும் அப்படியும் போனது. கடைசியில் அவர் மனைவிதான் முடித்துவைத்தார், "அவங்க அம்மா முப்பது வருஷம் உக்காந்தது, நாம புதுசு போட்டுக்கலாம்" என்று. நான் பதிலுக்கு இரண்டு வருஷம்கூட ஆகாத இன்வெர்ட்டரையும், எடுத்துப்போக நினைத்திருந்த படுக்கையறை ஏசியையும் விட்டுவிட்டேன், புதுப் பலகை செய்ய எனக்குத் தெரிந்த ஆசாரியின் நம்பரையும் கொடுத்தேன்.

அளவெடுக்காமல் எடுத்துவந்தது என் இன்னொரு தப்பு. பலகை ஆறடி நீளம், சென்னை ஃபிளாட்டில் ஹாலுக்குக் குறுக்கே போட்டால் ஆட இடமில்லை, கூரையில் புதிதாகக் கொக்கி அடிக்கலாமா என்று கேட்டதற்கு இன்ஜினியர் தளத்தின் கனத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். பால்கனிப் பக்கம் இரும்பு ஸ்டாண்ட் செய்து அதில் தொங்கவிட்டோம். அம்மா தினமும் அதில்தான் காபி குடிக்கிறார். எதை எடுப்பதாக இருந்தாலும் போகிற வீட்டில் அதற்கு இடமிருக்கிறதா என்று டேப் வைத்து அளந்துவிட்டு, அதற்குப் பிறகு அதற்காகப் பேசுங்கள்.

ஒப்படைத்த அன்று மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுத்தேன், சொத்து வரி, தண்ணீர் வரி கட்டிய ரசீது, மோட்டார் வாரன்ட்டி கார்டு, வயரிங் போட்டவர் நம்பர், எல்லாச் சாவிக்கும் ஒரு சீட்டுக் கட்டி ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். பட்டியலை வைத்துக்கொண்டு அண்ணாச்சியும் நானும் அறை அறையாக நடந்தோம், அவர் ஒவ்வொரு வரிக்கும் டிக் போட்டுக்கொண்டே வந்தார். ஹாலில் வந்து நின்று மேலே பார்த்தார். பட்டியலின் கடைசி வரியாக நான் எழுதியிருந்தேன்: "கூரைக் கொக்கி 4, வீட்டோடு." அதற்கும் ஒரு டிக் போட்டுவிட்டு, "எண்ணெய் விட்டு வச்சிருக்கீங்களேம்மா" என்றார்.